அடுப்புக் கதவு திறக்கும்வரை

என் பேச்சின் நீளம் தெரிந்தும் தலைமை நாற்காலியில் துணிந்து அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா அவர்களே! முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட மூத்தோர்களே! நின்று களைத்தாலும் பேசிக் களைக்காத தாய்மார்களே! என் கத்தரிக்குத் தலைகொடுத்த தம்பிமார்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

முடிவெட்டுகிறவனுக்கு மேடையில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? என் முதுகுக்குப் பின்னால் என்னை நீங்கள் 'ரேடியோ' என்று அழைப்பது எனக்குத் தெரியாதா? அந்த ரேடியோவிடம் இன்று ஒலிவாங்கியைக் கொடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

இதோ, என் கடைக்கு எதிரே இன்று மறுபடி திறக்கும் இந்தக் கேக் கடை, முதலில் திறந்த அன்றே மூடியது. மறந்துவிட்டீர்களா? வாசலில் தோரணம், வாய் நிறைய வாழ்த்து, உள்ளே தட்டுத் தட்டாய்க் கேக். எடுத்ததெல்லாம் நடுவில் குழி! என்னம்மா சிரிப்பு? அன்றும் இப்படித்தான் சிரித்தீர்கள்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். கடைக்காரத் தம்பி. வருடக்கணக்கில் லாரி ஓட்டியவர். வீடு திரும்பினால் பெற்ற மகளே அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வாளாம். அந்த வேதனையில் லாரியை விட்டார், கேக் செய்யப் பழகினார், கடை வைத்தார். அன்று மாலை என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். “ஒட்ட வெட்டிடுங்கண்ணே. மறுபடி லாரிக்கே போறேன்” என்றார். எனக்குக் கத்தரி ஓடவில்லை, ஐயா. பேச்சும் வரவில்லை. நம்புவீர்களா?

அவர் மனைவி என்ன செய்தாள்? அழுதாள். அழுது முடித்ததும், மிஞ்சிய கேக்குகளையெல்லாம் மேசையில் வரிசையாக வைத்தாள். ஒன்றே ஒன்று மட்டும் உப்பி நின்றது. விருந்தினர் வருவதற்கு முன்னால் வெந்த முதல் கேக் அது.

“இது மட்டும் எப்படிங்க எழுந்துச்சு?”

“எழுந்தா என்ன, விழுந்தா என்ன? விடு.”

அவள் விட்டாளா? மாவு கெட்டதா? முட்டை பழையதா? அடுப்பில் கோளாறா? மறுநாள் அதே மாவு, அதே முட்டை, அதே அடுப்பு. அத்தனை கேக்கும் அழகாக எழுந்தன! அவளுக்கு மகிழ்ச்சியைவிடக் குழப்பம்தான் அதிகம். நேற்று மட்டும் என்ன நடந்தது? போவதாகச் சொன்ன தம்பிக்கும் அந்தக் கேள்வி தொற்றிக்கொண்டது. லாரி முதலாளி கூப்பிட்டபோது, “நாளைக்குச் சொல்றேங்க” என்றார். கேள்வி வந்ததும் அவர் கிளம்புவது ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது பாருங்கள்!

அப்போது வந்தார் மாமியார். “வெந்துச்சான்னு பார்ப்போம்” என்று அடுப்புக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கண்ணெதிரே கேக் பொத்தென்று அமுங்கியது.

“ஐயோ, நான் என்னம்மா பண்ணேன்? எட்டித்தானே பார்த்தேன்!”

“அத்தை, நீங்கதான் கண்டுபிடிச்சீங்க!” என்று மருமகள் கட்டிக்கொண்டாள். முன்வரிசையில் நாணிக் குனிந்திருக்கிறாரே, அவரேதான். கை தட்டுங்கள்!

திறப்பு விழாவில் வந்தவருக்கெல்லாம் பெருமையாகக் கதவைத் திறந்து திறந்து காட்டினார் தம்பி. பாதி வெந்ததைப் பார்க்கத் துடித்த ஆவல் கேக்கை வீழ்த்தியது. வீழ்ந்ததை வரிசையாக வைத்து ஏன் என்று கேட்ட ஆவல் கடையை எழுப்பியது! தோற்றுவிட்டேன் என்கிறீர்களா? சரி, எதனால் தோற்றீர்கள்? கேட்டீர்களா? கேட்காமலா கதவைச் சாத்தினீர்கள்? கேளுங்கள்! வெட்கத்தை விட்டுக் கேளுங்கள்! விடை வரும்வரை கேளுங்கள்! கேட்கிறவன் இன்னும் கிளம்பிப் போகவில்லை என்று பொருள்!

என்ன, வாசனை வருகிறதா? உட்காருங்கள் ஐயா, உட்காருங்கள்! இப்போது அந்தக் காரணத்தைச் சொல்கிறேன். காலையில் தம்பியின் மனைவி, அந்தத் தங்கை, என்னிடம் வந்தாள். “அண்ணே, கேக் வேகற வரைக்கும் ஒருத்தரும் உள்ள வரக்கூடாது. நீங்க பேசிட்டே இருங்க, அது போதும்” என்றாள். என் பேச்சை நிறுத்தச் சொன்னவர்கள் ஊரெல்லாம் உண்டு. பேசச் சொன்னவள் அவள் ஒருத்தி. எனக்கும் ஒரு நல்ல காலம்!

அதோ, தம்பி தட்டோடு வருகிறார். பக்கத்தில் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு மகள் வருகிறாள். இப்போது அவள் யார் பின்னாலும் ஒளியவில்லை. கேக்? உப்பி நிற்கிறது, ஐயா, உப்பி நிற்கிறது!

பொறுமையாக இருந்த உங்களுக்கு என் நன்றி. என் வேலை முடிந்தது. வணக்கம், சாப்பிட வாருங்கள்.