செவ்வாய்க்கிழமை மூணு மணி நான்தான்

இல்ல மேடம், நம்பர் தர்றேன், அது எங்கயும் ஓடிப் போகாது. முதல்ல உக்காந்துக்கறேனே. மூணு மாடி ஏறி வந்திருக்கேன், இந்த காலேஜ் லிஃப்ட் போன வருஷத்துலேர்ந்து லீவ்ல இருக்கு. ஆமா, செவ்வாய்க்கிழமை மூணு மணி நான்தான். அந்தப் பச்சை நோட்டைப் பாருங்க, இந்த சீட்ல இருந்த பழைய மேடம் வருஷம் முழுக்க என் பேரை எழுதி வெச்சுட்டுத்தான் வேற வேலைக்குப் போயிருப்பாங்க. வாராவாரம் என்னைக் கேட்டு எழுத அவங்களுக்கே அலுத்துப் போச்சு.

ஓ, இனிமே நோட்டு கிடையாதா. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துறீங்க, ஸ்டூடண்ட் நம்பர் இருந்தாத்தான் இடம். சரி, நியாயம்தான். ஆனா இந்த மூணு மணியை மட்டும் யாருக்கும் தூக்கிக் குடுத்துராதீங்க மேடம். அரை மணி நேரம்தானே. இதுக்காக நான் குளிச்சுட்டு வேற வர்றேன்.

என்ன பாடமா? சமூகவியல், ரெண்டாவது வருஷம். அதுல சொந்தமா பண்ற ப்ராஜெக்ட் ஒண்ணு. கிளாஸ் கிடையாது, பாடம் எடுக்க ஆளு கிடையாது. உங்களுக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தரைப் பிடிங்க, ஏழு வாரம் உக்காந்து பேசுங்க, அவங்க ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு மூவாயிரம் வார்த்தைல எழுதுங்கன்னுட்டாங்க. நீந்தத் தெரியுமான்னே கேக்காம தள்ளி விட்ட மாதிரி. முழுகறவங்களுக்கு உதவத்தானே இந்த ரூம். பழைய மேடம் எழுதித் தர மாட்டாங்க, திருத்தவும் மாட்டாங்க, அது இங்க ரூலாம். கேள்வி மட்டும்தான். இந்த வாரம் என்ன பண்ணீங்க, எங்க முட்டிக்கிட்டு நிக்குது, அடுத்த வாரத்துக்குள்ள என்ன பண்ணப் போறீங்க. மூணு கேள்வி. எங்கம்மாவே போன்ல ரெண்டுதான் கேப்பாங்க, சாப்டியா, தூங்கினியா.

நான் பிடிச்சது என் ரூம்மேட்டை. சைலன்சர்னு கூப்பிடுவேன். குறட்டை விட்டான்னா சைலன்சரைக் கழட்டின பைக் மாதிரி இருக்கும், அதான். பகல்ல ஆளு வாயே திறக்க மாட்டான். பார்சல் குடோன்ல பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டற வேலை. எட்டு மணி நேரத்துல அவன்கிட்ட பேசறது அந்த ஸ்கேனர் மட்டும்தான். அதுவும் பீப்புங்கும், அவ்வளவுதான், அதுக்கும் மேல பேச்சு வார்த்தை கிடையாது.

சட்டையா? ஆமா, குடோன் சட்டைதான். அவனோடது மேடம். காலைல அவசரத்துல மாத்தி மாட்டிக்கிட்டு வந்துட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அளவு.

நம்பர்தானே, தர்றேன் தர்றேன், இதை முடிச்சுடறேன். பழைய மேடத்துக்கு அவனை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நான் பாட்டுக்கு சொல்லிட்டேன், சாப்பிடறப்ப ரெண்டு தட்டு எடுப்பான், ஒண்ணைத் திரும்ப அலமாரில வெச்சுடுவான்னு. மேடம் பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. இதை ஏன் நீங்க எழுதலை, அப்ப நீங்க எங்க இருந்தீங்கன்னாங்க. நான் வெளில சாப்பிட்டுட்டு வந்துட்டேன்னு சமாளிச்சேன். அதையும் எழுதுங்கன்னுட்டாங்க. விடவே மாட்டாங்க மனுஷி.

ஞாயித்துக்கிழமை அவங்க அம்மாவுக்கு போன் பண்ணுவான். பண்றதுக்கு முன்னாடி டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வெப்பான், ரூம்ல கும்பலா ஆளுங்க இருக்கற மாதிரி. ஃப்ரெண்ட்ஸ் வந்திருக்காங்கம்மா, அப்புறம் பேசறேன்னு வெச்சுருவான். வெச்சப்புறமும் டிவியைக் குறைக்க மாட்டான். இதைச் சொன்னப்ப மேடம் மறுபடியும் முதல்லேர்ந்து சொல்லச் சொன்னாங்க. அன்னிக்கு அரை மணி நேரம், நாப்பது நிமிஷம் ஆயிடுச்சு. வெளில ஒரு பொண்ணு கதவைத் தட்டித் தட்டி என்னை முறைச்சுது.

சரி மேடம், அடிங்க. இந்தாங்க என் காலேஜ் கார்டு, நம்பர் முழுசும் பின்னால இருக்கு பாருங்க.

சிவப்பா வருதா. வரும். நீங்க தப்பா அடிக்கலை, இன்னொரு தடவை வேணாம். காலேஜ்லேர்ந்து என் பேரை எடுத்துட்டாங்க, பதினோரு வாரமாச்சு. மெயில் போச்சு, லைப்ரரி போச்சு. கீழ கதவை யாராவது திறந்தா அவங்க பின்னாடியே நுழைஞ்சுருவேன். எல்லா இடத்துலயும் எடுத்தவங்க இந்தப் பச்சை நோட்டுக்கு மட்டும் சொல்ல மறந்துட்டாங்க. பழைய மேடத்துக்கும் தெரியாது. இன்னும் கொஞ்சம் திருத்திட்டு இருக்கேன்னு சொல்லிச் சொல்லியே உக்காந்திருந்தேன்.

சேச்சே, எழுதாம எல்லாம் இல்ல. மூவாயிரத்து நாப்பது வார்த்தை, பையிலதான் இருக்கு. கூட ஒரு ஃபார்ம் வெக்கணும் மேடம். இதையெல்லாம் நான் சம்மதிச்சுத்தான் சொன்னேன்னு, பேசின ஆளு பேரெழுதி கையெழுத்துப் போடணும். அது இல்லாம வாங்க மாட்டாங்க. மூணு தடவை நாள் தள்ளிக் குடுத்தாங்க, அப்புறம் லெட்டர் போட்டாங்க. நான் எதுக்கும் பதில் சொல்லலை.

போட்டிருக்கலாம்தான். ஒரு கிறுக்கல், யாரு வந்து பாக்கப் போறா. மேஜைல ஃபார்மை வெச்சு, பேனாவையும் எடுத்துட்டேன். அப்பத்தான் உறைச்சுது, ஏழு வாரம் அவனைப் பத்தியே பேசியிருக்கோம், அவனுக்கு ஒழுங்கா ஒரு பேரு வைக்கவே மறந்துட்டேன். எழுதணும்னா என் பேரைத்தான் எழுதணும். அந்த ரூம்ல வேற யாரு மேடம் இருக்கா.