மாப்பிள்ளை கேட்ட அலுமினியம்

வீட்டு மாப்பிள்ளையோடு வாதாடி ஜெயித்தவன் எவனும் இல்லை ஐயா. ஜெயித்தாலும் தங்கையிடம் தோற்க வேண்டும். அதனால் நான் வாதாடுவதே இல்லை.

என் தங்கையின் கணவர் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். நீச்சல் தெரியாது, மற்றபடி கடலைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. படகைத் திருப்புகிற சுக்கான் ஆடுகிறது என்று என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். சுக்கான் தண்டைத் தாங்குகிற பேரிங் தேய்ந்து, கை வைத்தாலே கடகடத்தது. தண்டு வெண்கலம், பேரிங்கின் கூடும் வெண்கலத்திலேயே இருக்கட்டும் என்றேன்.

“அட போங்க மச்சான், எந்தக் காலத்துல இருக்கீங்க? அலுமினியம் போடுங்க. லேசா இருக்கும், துருவும் பிடிக்காது.”

கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவர் அத்தோடு விட்டாரா? அன்று வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குத் ‘துரு டாக்டர்’ என்று பெயர் சூட்டினார். முதலில் சிரித்தது என் தங்கை. நானும் சிரித்தேன். முறை என்று ஒன்று இருக்கிறதே.

அவர் கேட்டபடியே கூட்டை அலுமினியத்தில் செய்து மாட்டினேன். அலுமினியம் துருப்பிடிக்காது என்பது உண்மைதான். உப்புத் தண்ணீரில் வெண்கலத்தோடு ஒட்டிக் கிடந்தால் வெள்ளைப் பொடியாக உதிரும், அவ்வளவே. இரண்டும் தொடாதபடி நடுவே ஒரு பிளாஸ்டிக் புஷ் போட்டால் தப்பிக்கும். புஷ் மேஜை மேல்தான் இருந்தது. மாப்பிள்ளை கேட்கவில்லை, நான் போடவில்லை. கேட்காததைச் செய்தால் அதிகப்பிரசங்கி என்பார். வெளியே தெரிகிற விளிம்பை மட்டும் பெயிண்ட் அடித்து அழகாக மூடினேன். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள்.

சில மாதம் கழித்து, சுக்கானடியில் வெள்ளையாக ஏதோ பூக்கிறது என்று போனில் கேட்டார்.

“உப்புதான் மாப்பிள்ளை. துடைச்சு விட்டுருங்க.”

துடைத்தார். நான் சொன்னதை அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த ஒரு முறைதான்.

காற்று பலமாகக் கிளம்பிய அந்த ஞாயிறு காலை, வழியனுப்பப் படகுத்துறைக்குப் போனேன். மாப்பிள்ளை பாயை ஏற்றிக்கொண்டிருந்தார். கடல் என்றாலே தலை சுற்றுகிறது என்று எப்போதும் கரையிலேயே நின்றுவிடுகிற என் தங்கை, அன்று பார்த்துச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“அண்ணா, நீ ரிப்பேர் பண்ணின படகுன்னாதான் எனக்குத் தைரியம். நானும் போயிட்டு வரட்டுமா?”

“போயிட்டு வாம்மா” என்றேன். கயிற்றையும் நான்தான் அவிழ்த்துவிட்டேன்.

கூடு நொறுங்கி, சுக்கான் கையை விட்டுப் போய், படகு பாறையில் மோதியதையும், இரண்டு உடல்கள் கரை ஒதுங்கியதையும் நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். அவர் விஷயத்தில் மறைக்க ஒன்றுமில்லை, தெரிந்துதான் செய்தேன். தங்கையை ஏன் தடுக்கவில்லை என்றுதானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்? அவள் என்றால் எனக்கு உயிர் ஐயா. ஆனால் தடுத்திருந்தால் காரணம் கேட்டிருப்பாள். துறையில் அத்தனை பேர் நிற்கும்போது, என் வேலையில் குறை இருக்கிறது என்று என் வாயால் எப்படிச் சொல்வது?