பிடரி அறிந்த பாரம்: சரக்குக் கண்காணிப்பாளர் திரு. சுவாமிநாதன் அவர்களுக்குச் சுமை தூக்குவோர் வாசித்தளிக்கும் பிரியாவிடை மடல்

பிடரி வலிக்கிறது, ஐயா! நேற்று சுமந்த மூட்டைகளின் வலி தோளிலும், நான்கு ஆண்டுகளாக இறக்கி வைக்காத ஒரு பாரத்தின் வலி பிடரியிலுமாக, இந்தத் துறைமுகக் கிடங்கின் வாசலில் நின்று உங்களை வணங்குகிறோம்.

குரும்பகரம் தந்த குன்றாக் காவலே! குத்தூசி ஏந்திய கொற்றவரே! காகிதத்தை நம்பாமல் கண்ணை நம்பி, கண்ணையும் நம்பாமல் கையை நம்பிய கண்காணிப்பாளரே! ‘பாசத்தின் இமயம், பண்பின் சிகரம்’ என்று எவர் பெயரையும் நிரப்பிக்கொள்ளத் தோதாக அச்சகத்தில் ஒரு மடல் தயாராக இருந்தது. இருபது ஆண்டுகளில் ஒரு நாளும் நீங்கள் எங்களைப் பாசமாகப் பார்த்ததில்லை. ஆகவே அதை வாங்கவில்லை.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று இங்கே வந்த முதல் நாளே, குத்தூசி என்னும் முழ நீள இரும்புக் குழலைக் கையில் எடுத்தீர்கள். பத்து மூட்டைக்கு ஒன்றைக் குத்தி அரிசியை உருவிப் பார்த்தால் போதும் என்பது விதி. பத்துக்குப் பத்தையும் குத்துவது உங்கள் வழக்கம். சிந்தியதைக் கூட்டும் காசியம்மா, “ஏங்க, மூட்டையெல்லாம் சல்லடையாக்கிட்டீங்க, கூட்டிக் கூட்டி என் இடுப்பு ஒடியுதுங்க” என்று சடைத்துக்கொண்டபோது, “கூட்டுறது அரிசியாவே இருக்கட்டும்மா” என்றீர்கள். அதற்குமேல் விளக்கியதில்லை.

விளக்கியது ஒரே ஒரு முறை, டீக்கடையில். உள்நாட்டுப் போர் மூண்ட ஒரு நாட்டில், நீலத் தொப்பி அணிந்த அமைதிப்படையில் ஓராண்டு இருந்தீர்கள். உணவு போகலாம், ஆயுதம் போகக் கூடாது என்று உலக நாடுகள் அந்த நாட்டின்மேல் தடை போட்டிருந்தன. உங்கள் சாவடிக்கு ஓர் அரிசி லாரி வந்தது. காகிதம் சுத்தமாக இருந்ததால் ஒரு மூட்டையை மட்டும் குத்திப் பார்த்து விட்டுவிட்டீர்கள். மற்ற மூட்டைகளில் தோட்டா இருந்தது. அந்த வாரம் பக்கத்து ஊரில் பதினோரு பேர் பிணமானார்கள். “அந்த ஊர்க்காரங்களேதான் ஒரு படி அரிசிக்கு அதை இறக்குனாங்க. பசிச்சவன் மூட்டைக்குள்ள என்னன்னு கேக்க மாட்டான்” என்றீர்கள். “வேடிக்கை பாக்கப் போன பட்டாளம், கதையாவது நல்லா சொல்லுது” என்றான் எங்கள் செல்லக்கண்ணு. எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இன்று எங்களுக்கு உறைக்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஆயுதத் தடை இன்னும் நீங்காத அதே நாட்டுக்கு அரிசி அனுப்ப ஓர் ஏற்றுமதியாளரின் லாரிகள் இங்கே வந்து நின்றன. நாங்கள்தான் இறக்கினோம். நாலைந்து நடை போவதற்குள் செல்லக்கண்ணு முணுமுணுத்தான்: “அரிசின்னா கழுத்துக்கு வளைஞ்சு குடுக்கும்டா. இது குடுக்கல.” மேஸ்திரி, “வாய மூடிட்டு நட, கப்பல் நிறையட்டும்” என்றார். கப்பல் சரக்கைக் குறை சொல்பவன் சோம்பேறி என்பது எங்கள் கூட்டத்தின் கட்டுப்பாடு. நாற்பத்தொரு பிடரிகளுக்கும் தெரிந்தது. நாற்பத்தொரு வாயும் மூடிக்கொண்டன.

உங்கள் குத்தூசி மூடிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை அது ஒரு மூட்டையில் இரும்பை முட்டி நின்றது. உள்ளே அரிசிக்கு நடுவே துப்பாக்கியின் உதிரி பாகங்கள். சரக்கு முடங்கியது, கிடங்கு பூட்டப்பட்டது, பதினேழு நாள் வேலை இல்லை. தடை என்பது பெரிய இடத்தில் போடும் கையெழுத்து, அது வந்து விழுவது சின்ன வீட்டு அடுப்பில் என்பதை அப்போது வயிற்றால் கற்றோம். “போட்டிக் கம்பெனிகிட்ட காசு வாங்கிட்டாருடா” என்று உங்களைத்தான் சந்தேகப்பட்டோம். துப்பாக்கி அனுப்பியவரைச் சந்தேகப்படவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஏற்றுமதியாளரின் ஆள் வந்தார். ஆளுக்கு ஐந்து கிலோ அரிசியும், தட்டச்சு செய்த ஒரு மனுவும் கொண்டுவந்தார். இரும்பை மூட்டைக்குள் வைத்ததே கண்காணிப்பாளர்தான் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டோம். விசாரணை அதிகாரி, “லாரியிலேர்ந்து இறக்குறப்பவே வித்தியாசம் தெரிஞ்சுதா?” என்று கேட்டார். ஆமாம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் இரும்பு லாரியிலேயே வந்தது என்று தெளிந்து, அன்றோடு உங்கள் பழி தீர்ந்திருக்கும். வரிசையாக நின்று ‘இல்லை’ என்றோம்.

கண்காணிப்பு வேலையிலிருந்து விலக்கி, எட்டு மாதம் எடைமேடை வெயிலில் உங்களை நிறுத்தினார்கள். பிறகு ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ என்று எழுதித் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். குற்றமற்றவர் என்று எழுதவில்லை. அந்த வரி உங்கள் பணிப் பதிவேட்டில் இருக்கும்போதே இன்று ஓய்வு பெறுகிறீர்கள். எங்களிடம் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றுமுதல் மூட்டையைக் குத்துமுன் தூக்கி வந்தவன் முகத்தைப் பார்க்கத் தொடங்கினீர்கள்.

சலியாத சந்தேகமே! சாயாத துலாக்கோலே! அந்த மனுவைக் கொண்டுவந்தவர் இதோ முதல் வரிசையில் பொன்னாடையோடு அமர்ந்திருக்கிறார். வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா, உதறிப் பார்த்து வாங்குங்கள். எங்கள் மாலையையும் அப்படியே.

இனியாவது இலையில் விழும் சோற்றைச் சந்தேகமின்றி உண்டு, துணைவியார் வடிவாம்பாள் அம்மையாருடன், நோயும் நொடியும் அண்டாமல், நூறு ஆண்டுக்கு மேலும் நிமிர்ந்த முதுகோடு நீவிர் வாழ்க!

இப்படிக்கு,
கிடங்குச் சுமை தூக்குவோர் இருபத்தாறு பேர்.
(மீதிப் பதினைந்து பேர் அடுத்த கப்பலை நினைத்து, கையெழுத்துப் போடாமல் கையை மடக்கிக்கொண்டார்கள்.)

நாங்கள் உங்களுக்குத் தர வேண்டியது: ‘லாரியிலிருந்து இறக்கும்போதே எங்களுக்குத் தெரியும்’ என்று விசாரணை அதிகாரிக்கு நாற்பத்தொரு பேரும் எழுதித் தர வேண்டிய வாக்குமூலம். இன்றுவரை தரவில்லை.