கடைசிக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே

உங்கள் ஸ்டேஷன் டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கல் சாகேப். ஆனாலும் எங்கள் ஆபீஸ் டீக்கு இது எவ்வளவோ மேல். ஜன்னல் திறந்தே இருக்கட்டும், அகமதாபாத் வெயில் எனக்குப் புதிதில்லை. நீங்கள் வாக்குமூலம் எழுதிக்கொள்ளத் தோதாக நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் பரிமல் வசாவடா. கட்டட வடிவமைப்புக் கம்பெனியில் கணினிப் பிரிவுக்கு மேலாளர். நான் கட்டடம் எதையும் வரைவதில்லை. வரைகிறவர்கள் எல்லாரும் ஒரே முறையில் வரைகிறார்களா என்று பார்ப்பதுதான் என் வேலை.

நான் சேர்ந்தபோது அந்த ஆபீஸ் சந்தைக்கடையாக இருந்தது. ஒவ்வொரு குழுவும் தன் இஷ்டத்துக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு படிக்கட்டு வரையும். ஒரே மருத்துவமனைக்கு இரண்டு குழுக்கள் வரைந்து, இரண்டு பேருடைய சுவரும் நடுவில் சந்திக்காமல் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கணினியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே லைப்ரரி செய்தேன். கதவு வேண்டுமா, கிராதி வேண்டுமா, அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். எடுக்கலாம், மாற்ற முடியாது. மாற்றும் சாவி என்னிடம் மட்டும். பையன்கள் முதுகுக்குப் பின்னால் என்னைப் ‘பூட்டுபாய்’ என்பார்கள். தெரியும். உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

கேத்கி அந்தப் பள்ளிக்கூடக் கட்டடத்தை வரைந்த ஆர்க்கிடெக்ட். கெட்டிக்காரி, கொஞ்சம் வாய்த்துடுக்கு. ஒருநாள் எல்லாக் குழுக்களும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் எழுந்து கேட்டாள்.

“பரிமல்பாய், நம்ம லைப்ரரி கிராதியில கடைசிக் கம்பிக்கும் சுவத்துக்கும் நடுவுல என் தலையே நுழையும் போலிருக்கே. பார்த்தீங்களா?”

“உங்க தலை நுழையாது கேத்கிபென். அதுல கனம் ஜாஸ்தி” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “சின்னப் பசங்க தலை நுழையும்” என்றாள்.

அன்று சாயங்காலமே நான் அளந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். கம்பிக்குக் கம்பி நான்கு அங்குலம் வைத்திருந்தேன். வராந்தாவின் நீளம் அந்தக் கணக்கில் அடங்காவிட்டால், மிச்சம் இருக்கிற இடம் முழுவதும் கடைசிக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. சில சுவர்களில் அது அரை அங்குலம் கூடும். பள்ளிக்கூடத்தின் மூன்றாவது மாடியில், மொத்தம் ஏழு அங்குலம் வந்தது.

சரிசெய்வது பெரிய வேலையில்லை. கணினியில் ஒரு கட்டத்தில் இருக்கும் எண்ணை மாற்றினால் போதும். ஆனால் இந்த வருஷம் லைப்ரரியில் எதுவும் மாறாது என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தேன். அவள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அவளுக்காக ஒரு கிராதியைத் திறந்தால் நாளைக்கு இன்னொருவன் கதவுக்காக வந்து நிற்பான். பழையபடி சந்தைக்கடைதான். யோசித்துப் பார்த்தால் உங்களுக்கே நியாயம் தெரியும்.

அவள் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தின் கணினி மாடலில் மட்டும் கடைசியில் ஒரு கம்பி சேர்த்துத் தானே ஒரு புதுக் கிராதி செய்து வைத்தாள். நான் எடுத்தேன். மறுபடி வைத்தாள். பிறகு அவளுடைய அண்ணன் கல்யாணம் வந்தது, புஜ்ஜுக்குப் போனாள்.

எங்கள் மாடலில் ஒருவர் வேலை செய்கிற பகுதி அவர் பெயரில் பூட்டிக்கொள்ளும். அவர் லீவில் போய்விட்டால் அவர் பெயரிலேயே உள்ளே நுழைந்து பூட்டை விடுவிப்போம். எல்லாரும் செய்கிறதுதான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கிராதி வரைபடம் தொழிற்சாலைக்குப் போக வேண்டிய அன்று காலையில் நானும் அப்படித்தான் கேத்கியாக உள்ளே போனேன். அவளுடைய கிராதியை நீக்கினேன், லைப்ரரி கிராதியை வைத்தேன், அனுப்பினேன். அங்கே கம்பிகளை அறுத்து, பற்றவைத்து, முழுச் சட்டமாகவே அனுப்பிவிடுவார்கள். கட்டுகிற இடத்தில் யாரும் கைவைக்கத் தேவையில்லை. அதுவும் நான் கொண்டுவந்த ஏற்பாடுதான்.

கல்யாணம் முடிந்து வந்தவள் ஒரு டப்பா அடதியா இனிப்போடு என் மேஜைக்கு வந்தாள்.

“வரைபடம் போயிடுச்சாமே. நீங்க மறுபடி எடுத்துடுவீங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன் பரிமல்பாய். விட்டுட்டீங்க. பெரிய மனசு உங்களுக்கு.”

“எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்கன்னு டப்பாவை நீட்டுங்க முதல்ல” என்றேன். இரண்டு துண்டு சாப்பிட்டேன். நெய் நன்றாக விட்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடம் திறந்து முதல் மழைக்கு, மூன்றாவது மாடியில் அந்த இடைவெளி வழியாக ஒரு குழந்தை எட்டிப் பார்த்திருக்கிறது. ஹேத்வி என்று பெயர். ஐந்து வயது. மீதி உங்களுக்குத் தெரியும்.

கேத்கி அன்றே அங்கே ஓடினாள். சுவரோரம் உட்கார்ந்து கையால் அளந்துவிட்டு, “இது நான் வரைஞ்சது இல்ல, இது நான் வரைஞ்சது இல்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். யார் நம்புவார்கள்? கடைசியாக மாற்றியவர் என்று கணினியில் இருந்தது அவள் பெயர். நீங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். எங்கள் முதலாளி உபேந்திரபாய் என்னைத் தனியாக அழைத்தார்.

“உங்களுக்கு எதாவது தெரியுமா?”

“தெரியும்.”

“எனக்குத் தெரிய வேண்டாம். வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க.”

பார்த்தேன். கேத்கியின் அம்மா தினமும் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். நான் பக்கவாட்டு வாசல் வழியாகப் போய் வந்தேன். தூக்கம் கெடவில்லை. பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

நேற்றுப் பத்திரிகையில் உபேந்திரபாயின் பேட்டி வந்திருக்கிறது. எங்கள் ஆபீஸில் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டதாம். ஒரு பெண் பொது விதியை மீறி இஷ்டத்துக்கு ஒரு கிராதி வரைந்துவிட்டாளாம். எனக்கு வயிறு எரிந்தது சாகேப். இத்தனை வருஷம் கண்கொத்திப் பாம்பாகக் காத்துவந்ததை ஒரே வரியில் குட்டிச்சுவராக்கிவிட்டார். அதனால்தான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்: கேத்கி வைத்த கிராதி அந்தக் கட்டடத்தில் இல்லை. அங்கே இருப்பது லைப்ரரி கிராதி. வரைந்ததும் நான், வைத்ததும் நான். ஏழு அங்குலம் என்று தெரிந்தேதான் வைத்தேன். அவளை விட்டுவிடலாம். என் லைப்ரரியை மீற அவளால் முடியவில்லை.

வேறு கட்டடங்களிலும் இது இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. இன்னும் இரண்டு பள்ளிக்கூடம், குழந்தைகள் ஆஸ்பத்திரி, ஆற்றுக்கு மேற்கே எழும்புகிற குடியிருப்புகள். எங்கே எவ்வளவு இடைவெளி என்று எனக்கு மனப்பாடமில்லை, அந்தந்தச் சுவரின் நீளத்தைப் பொறுத்தது. வேண்டுமானால் ஆள் அனுப்பி அளந்து பாருங்கள். என்னைக் கேட்காமல் எங்கேயும் ஒரு கம்பிகூடக் கூடுதலாக வைத்திருக்க மாட்டார்கள்.