கடைக்குள் அக்கா

தலைக்குச் சாயம் பூச ஞாயிற்றுக்கிழமைதான் வசதி, ஐயா. பிடரிப் பக்கம் என் கைக்கு எட்டாது. அங்கே தங்கைதான் பூசிவிடுவாள். "அசையாம இரு அக்கா, காதெல்லாம் கறுப்பாயிடும்" என்று அதட்டுவாள்.

நாங்கள் இருவரும் அந்தத் துணிக்கடையில் சேர்ந்து பதினொரு வருடம் ஆகிறது. முப்பத்தைந்தைத் தாண்டிய பெண்களைக் கவுண்டருக்கு எடுக்கமாட்டார்கள். அப்போது எனக்கு முப்பத்தேழு, அவளுக்கு முப்பத்து நாலு. சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று சொல்லி, ஐந்து வயதைக் குறைத்து எழுதினேன். அதனால் கடைக்குள் அவள் எனக்கு அக்காவானாள். "அக்கான்னு கூப்பிட்டுட்டுப் போயேன், தேஞ்சா போயிடுவேன்?" என்று சிரித்தாள். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவளுக்கு வாய் தவறியதில்லை.

ஆண்கள் பிரிவில் அறுபது வயதுக்காரர் ஒருவர் தொப்பையோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் அனுபவசாலியாம். எங்களுக்கு ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது.

போன மாதம் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "முன்னாடி சின்னப் பொண்ணுங்க நின்னாத்தாம்மா கடை களையா இருக்கும். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் போதும். அக்காவுக்கு வயசாயிடுச்சு, ஆனா வியாபாரம் அவங்க கைலதான் இருக்கு. யோசிக்கிறேன்" என்றார்.

அவர் யோசிப்பதற்கு நான் கொஞ்சம் உதவினேன். அவளுக்குப் புருஷன் சம்பாத்தியம் இருக்கிறது. என்னைப் போல நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணை வேறு எந்தக் கடை எடுக்கும், நீங்களே சொல்லுங்கள்.

தட்டு அடுக்குவது என் பொறுப்பு. போர்வைகளை மேல் தட்டுக்கு மாற்றினேன். நாளுக்கு முப்பது தடவை அவளை ஏணியில் ஏறவைத்தேன். மூச்சு வாங்கினால் மேலாளர் கண்ணில் படும். அவளோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஏறி இறங்கினாள். எனக்கு எரிச்சலாக இருந்தது, மறைப்பானேன்.

கடையில் ஏணி இரண்டு. ஒன்றில் மேல் கொக்கி கழன்றுவிட்டது. யாரும் ஏறிவிடக்கூடாது என்று அதில் சிவப்புத் துணி கட்டிவைத்தவளே நான்தான். செவ்வாய்க்கிழமை காலை நல்ல ஏணியை மாடிக்கு அனுப்பிவிட்டு, துணியை அவிழ்த்தேன். "அக்கா, அந்த நீலப் போர்வைய எடுத்துக் குடேன்" என்றேன். நீலம் வேண்டுமென்று யாரும் கேட்டிருக்கவில்லை.

கால் சுளுக்கும், ஒரு மாதம் வீட்டில் கிடப்பாள் என்றுதான் கணக்குப் போட்டேன். தலை தரையில் மோதியது.

ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "அக்கா, வலிக்குதுக்கா" என்றாள். பக்கத்தில் மேலாளர் நின்றிருந்தார். "பாவம் சார், தலையில அடி. ஆள் அடையாளம் தெரியல" என்றேன். அவர் தலையாட்டினார். அன்று சாயங்காலமே அவள் போய்ச் சேர்ந்தாள்.

துணியை அவிழ்த்தது நான்தான், ஏறச் சொன்னதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வயதை மட்டும் நாற்பத்து மூன்று என்றே போடுங்கள், ஐயா. கடைக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும்.