நாலு அங்குல உயரம்

பழைய பிக்அப் வண்டி வைத்திருப்பவனைப் பார்த்தால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், எண்ணெய் எவ்வளவு குடிக்கும் என்று. நான் குடிப்பதைவிடக் குறைவுதான் என்று இத்தனை வருடமாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் அதைக் கேட்காமல் நேராக பிரேக்கைப் பற்றிக் கேட்டீர்கள். போலீஸ்காரர் என்றாலும் விஷயம் தெரிந்தவர். உட்காருங்கள் தம்பி. ரமணி உள்ளே தேநீர் கலக்குகிறாள். ஒரு கையால்தான் கலக்க வேண்டும், நேரமாகும். அவள் வருவதற்குள் சொல்லி முடிக்கப் பார்க்கிறேன்.

என் பெயர் மோகனராஜ். தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வண்டிதான் இருந்தது. கடையிலிருந்து வந்தபோது அது சாதுவான வண்டி. நானும் கெப்பாலா பத்தாஸில் பட்டறை வைத்திருக்கிற இத்ரீஸும் ஒவ்வொரு ஞாயிறும் கையை வைத்துக் கையை வைத்து அதை வேறு ஆளாக்கினோம். முன்னால் இரும்பு பம்பர், தலைக்கு மேல் வரிசையாக விளக்கு, ஆற்றில் இறங்கினால் எஞ்சின் மூச்சு விட ஒரு குழாய், பெரிய டயர், எல்லாவற்றுக்கும் மேலாக நாலு அங்குல உயரம். அதில் ஏறி உட்கார்ந்தால் எங்கள் ஜெலுத்தோங்கில் எந்த வீட்டு மதிலும் நம் பார்வைக்குத் தடையில்லை. ரமணி அதை என் சின்ன வீடு என்பாள். ஞாயிற்றுக்கிழமை நான் சட்டையை மாற்றினால், 'அவ கூப்பிட்டுட்டாளா?' என்று கேட்பாள்.

போன வருடம் எனக்கு ஸ்ட்ரோக் வந்தது. இடது கை, இடது கால், கூடவே பேச்சு. இப்போது நான் சொல்வது உங்களுக்குப் புரிகிறது. அப்போது அப்படி இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். 'தண்ணி' என்று சொல்ல நினைத்தால் வாயில் வேறு எதுவோ வரும். வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ரமணியிடம், 'சாப்பிடறாரா? தூங்கறாரா?' என்று கேட்பார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, இருக்கிறேனா இல்லையா என்று.

அப்போதுதான் ரமணியின் தம்பி லோகேஸ்வரன் எங்களோடு தங்க வந்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம், பத்து காவான் என்கிற ஊரில் வேலை, கல்யாணம் ஆகவில்லை. அவன் நல்லவன். நான் எதை மறைத்தாலும் அதை மறைக்க மாட்டேன். தினமும் வேலைக்குப் போவதற்கு முன்னால் என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டுவான். 'மச்சான், சுடுதா? கொஞ்சம் பச்சத்தண்ணி ஊத்தவா?' என்று கேட்டுக் கேட்டு ஊற்றுவான். முகத்தைச் சுளித்ததில்லை. ஒருவன் நம்மைத் தினமும் குளிப்பாட்டினால் அவன்மேல் கோபப்பட நமக்கு உரிமை இல்லாமல் போய்விடுகிறது தம்பி. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

டுரியான் பழப் பருவம் நெருங்கியபோது அவன் ஒரு யோசனை சொன்னான். பாலிக் புலாவ் மலைத் தோட்டங்களில் பழம் எடுத்து வந்து வாரக்கடைசியில் விற்கலாம், வண்டி சும்மாதானே நிற்கிறது என்று. அதற்கு வண்டியை அவன் பெயருக்கு மாற்ற வேண்டும். பெயர் மாற்ற வேண்டுமென்றால் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். நாங்கள் ஏற்றி வைத்திருந்த எதுவும் அங்கே செல்லாது. இங்கே எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. எல்லாவற்றையும் கழற்றி, ஸ்டோர் ரூமில் கிடக்கும் பழைய சாமான்களை மாட்டி, நல்ல பிள்ளையாக வண்டியைக் காட்டிப் பாஸ் வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து மறுபடி மாட்டிக்கொள்வது.

லோகேஸ் என் முன்னால் குந்தி உட்கார்ந்துதான் கேட்டான். "மச்சான், கழட்டிடலாமா? இல்ல, அதெல்லாம் வேணுமா? நீங்க சொல்றதுதான்."

நான் வாயைத் திறப்பதற்குள் ரமணி சொல்லிவிட்டாள். "கழட்டுடா. அவரு இனிமே ஏறி ஓட்டவா போறாரு?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னாள்.

இத்ரீஸ் பட்டறையில் எல்லாவற்றையும் கழற்றினார்கள். இந்த இடத்தைக் கவனமாக எழுதுங்கள், நீங்கள் கேட்டது இதுதான். வண்டியை உயர்த்தும்போது ஸ்பிரிங்கை மாற்றினால் மட்டும் போதாது. சக்கரத்துக்கு பிரேக் எண்ணெய் கொண்டுபோகிற ரப்பர்க் குழாயை, பிரேக் ஹோஸ் என்போம், அதையும் நீளமாகப் போட வேண்டும். இறக்கும்போது பழைய குட்டை ஹோஸைத் திரும்பப் போடுவார்கள். இத்ரீஸ் முறையாகச் செய்கிறவன். குட்டை ஹோஸைப் போட்டுவிட்டு, கழற்றிய நீள ஹோஸ் மூன்றையும் துடைத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மற்ற சாமான்களோடு வண்டியின் பின்னால் ஏற்றி அனுப்பினான். ஸ்பிரிங்கும் டயரும் ஸ்டோர் ரூமுக்குப் போயின. டின்னை ரமணி என் முன்னாலேயே திறந்து பார்த்தாள். என்னுடைய தட்டுமுட்டுச் சாமான் என்று நினைத்து இந்த நாற்காலியின் அடித்தட்டில் வைத்தாள்.

வண்டி பாஸானது. லோகேஸ் அதை வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியபோது நான் பார்த்தேன். யாரோ காய்கறி வியாபாரியின் வண்டிபோல நின்றது. "ஓட்டறதுக்கு மெத்துன்னு இருக்குக்கா, இப்படியே வெச்சுக்கலாம்லா," என்று அவன் ரமணியிடம் சொன்னான். அன்றிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. பிடிவாதம் என்று சொல்லாதீர்கள், இறங்கவில்லை. வண்டி நிற்கிற பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

ரமணியால் அதைத் தாங்க முடியவில்லை. தம்பியிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. "அவரு மொகத்தப் பாக்க முடியலடா. எல்லாத்தையும் திருப்பி மாட்டிடு."

அவன் உடனே சரியென்றான். இத்ரீஸ் அப்போது மகள் வீட்டுக்குக் கோலாலம்பூர் போயிருந்தான். அவன் வரட்டும் என்று காத்திருந்திருக்கலாம். லோகேஸுக்கு அவசரம், எனக்குச் சோறு இறங்க வேண்டும் என்று. விடுமுறை நாளில், இதோ இந்த முற்றத்தில், கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டுக்கொண்டு தானே வேலையை ஆரம்பித்தான். என்னை நாற்காலியோடு தூக்கி முன்னால் வைத்தான். "நீங்க சூப்பர்வைசர் மச்சான். பாத்துக்கிட்டே இருங்க."

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிதானமாக, நன்றாகவே செய்தான். ஸ்பிரிங் சரியாக உட்கார்ந்தது. டயர் ஏறியது. ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு தடவை முறுக்கினான். நடுநடுவே எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டான், கையில் கிரீஸ் பட்டிருந்ததால் சட்டைத் தோளால். அவன் பார்த்த வீடியோவில் ஹோஸைப் பற்றிப் பேச்சே இல்லைபோல. ஹோஸ் இரண்டு வகை உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது. குட்டை ஹோஸ் அப்படியே இருந்தது. நீள ஹோஸ் என் காலுக்குக் கீழே, நாற்காலியோடு வந்த டின்னில் இருந்தது. குனிந்தால் என் நல்ல கைக்கு எட்டும்.

சமதரையில் ஒன்றும் ஆகாது தம்பி. பாலத்தைக் கடந்து பத்து காவான் போய் வரலாம், பெடல் கல்போல இருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தொங்கும்போதுதான் ஹோஸ் இழுபடும். முன்பக்க ஹோஸ் அறுந்தால் பின்பக்க பிரேக் மட்டும் மிஞ்சும், சுமையோடு இறக்கத்தில் அது எதற்கும் காணாது. டுரியான் தோட்டத்துப் பாதையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு வண்டி அகலத்துக்கு சிமெண்ட் போட்டு, ஓரமெல்லாம் மழை அரித்து, மலைச்சரிவில் நிமிர்ந்து நிற்கிற பாதை.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று கேட்டால், வெட்கமாக இருந்தது. என் வண்டியை ஒருவன் எனக்கே பரிசாகக் கொடுக்கிறான். நான் அழகுபார்த்த உயரத்தில் நாளைக்கு அவன் உட்கார்ந்து போவான், வந்து என்னைக் குளிப்பாட்டுவான். அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பிரேக் ஒருமுறை தவறினால் போதும், வண்டியைத் தொடப் பயப்படுவான், வேறு யாரிடமும் கேட்காமல் என்னிடம் வந்து கேட்பான் என்று மட்டும்தான் நினைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை அவன் பாலிக் புலாவுக்குக் கிளம்பினான். தனியாகத்தான் போவான் என்று நினைத்திருந்தேன். ரமணி புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நானும் வரேன்டா. வழியில பிள்ளையார் கோயில்ல ஒரு தேங்கா ஒடைக்கணும்." பக்கத்து வீட்டு ரொஸ்னாவிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். வண்டி உயரமாகிவிட்டதால் அவளால் ஏற முடியவில்லை. லோகேஸ் உள்ளே போய் முக்காலி எடுத்து வந்து போட்டு, கையைப் பிடித்து ஏற்றினான். மேலே உட்கார்ந்ததும் சின்னப் பெண்போலச் சிரித்தாள், என்னைப் பார்த்துக் கையாட்டினாள்.

எனக்கு நேரம் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. முக்காலி எடுக்கப் போன நேரம், ஏற்றிய நேரம், கேட்டைத் திறந்த நேரம். நான் கூப்பிட நினைத்தேன். நாக்கு வரவில்லை. ஸ்ட்ரோக் வந்தவனின் நாக்கைப் பற்றி நீங்கள் எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மீதி உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறது. பழக்கூடைகளோடு இறங்கும்போது முன்சக்கரம் ஓரப் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. அதன்பிறகு வண்டி நிற்கவில்லை. வளைவில் கீழே போய்விட்டது. லோகேஸ் அங்கேயே போய்விட்டான். விழுவதற்கு முன்னால் அக்காவின் பக்கத்துக் கதவைத் திறந்து வெளியே தள்ளினானாம். அவளுக்குத் தோள் எலும்பும் கையும் முறிந்தன, உயிர் இருக்கிறது. என்னைத் தூக்க இப்போது வீட்டில் யாரும் இல்லை. ரொஸ்னாவும் அவள் மகனும் வந்து துடைத்துவிட்டுப் போகிறார்கள். ரமணி ஒரு கையால் எனக்குக் கஞ்சி ஊட்டுகிறாள். ஊட்டிக்கொண்டே, "நாந்தாங்க அவனக் கொன்னுட்டேன், நாந்தானே திருப்பி மாட்டச் சொன்னேன்," என்று அழுகிறாள். விதி என்று சொல்லி நான்தான் அவளைத் தேற்றுகிறேன். வேறு என்ன சொல்ல முடியும்?

இத்ரீஸைக் கூப்பிட்டு விசாரிக்கப் போவதாக நீங்கள் சொன்னதால்தான் இவ்வளவையும் சொல்கிறேன். அவன் பாவம். அவன் செய்ததில் ஒரு குறையும் இல்லை. குனிந்து பாருங்கள், டின் இன்னும் இங்கேதான் இருக்கிறது. உள்ளே மூன்று ஹோஸும் இருக்கும். ஒருவனுடைய பிழைப்பு என்னால் கெடக்கூடாது, அந்த அளவுக்கு நான் நியாயம் பார்க்கிறவன். நான் எதையும் அறுக்கவில்லை, எதையும் தளர்த்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாய் பேச முடியாதவன் எப்படி எச்சரிப்பான் தம்பி?

என்ன? வேலை முடிந்ததும் லோகேஸ் என்னிடம் ஒன்று கேட்டானாமே என்கிறீர்கள். ரொஸ்னா சொல்லியிருப்பாள், வேலி ஓரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆமாம், கேட்டான். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "மச்சான், எல்லாத்தையும் மாட்டிட்டேனா? எதாச்சும் விட்டுட்டேனா?"

நான் சொன்னேன். "எல்லாம் சரியா இருக்கு மச்சான். நீ எதையும் விடல."

ஒரு சொல்கூடக் குழறவில்லை. ஸ்ட்ரோக் வந்த பிறகு நான் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அது. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிரீஸ் கையோடு உள்ளே ஓடினான். "அக்கா, இங்க வா, மச்சானுக்குப் பேச்சு வந்துருச்சு," என்று அவன் கத்தியது தெருவுக்கே கேட்டது.

ரமணி தேங்காய் உடைக்கக் கிளம்பியது அதற்குத்தான்.