பின் அடித்த பக்கங்கள்

வெள்ளிமலைப் பேருந்தில் என் முன் இருக்கையில் ஓர் அப்பாவும் பள்ளிச் சீருடையில் மகளும் இருந்தார்கள். அவள் மடியில் நூலகப் புத்தகம். பிள்ளைகள் போட்டி போட்டு எடுக்கும் எழுத்தாளரின் நாவல்.

“பாப்பா, நடுவுல நாலு பக்கத்த ஒண்ணா சேத்து ஸ்டேப்ளர் பின் அடிச்சது நான்தான்,” என்றார் அப்பா. “அதுல, கதையில வர்ற பொண்ணோட அம்மா செத்துப்போயிடுது. நம்ம வூட்ல அம்மா போயி மூணு மாசம்கூட ஆவல. நீ அழுவியேன்னுதான்.”

“தெரியும்பா. அப்பவே பிரிச்சிப் படிச்சிட்டேன்.”

“பின்னு அப்படியே இருந்துச்சே?”

“நான்தான் திரும்ப அடிச்சி வெச்சேன். நான் படிச்சது தெரிஞ்சா நீ அழுவியே.”

அவர் அவள் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து, பின்னைத் தடவிப் பார்த்தார்.

“அதுக்கு மேல நான் படிக்கல. அப்புறம் அந்தப் பொண்ணு இன்னா ஆச்சி?”

“அழுதுக்கினே ஸ்கூலுக்குப் போவுது. அப்புறம் ஒரு நாளு சிரிச்சிடுதுப்பா.”